பாடி கேமரா வாங்கியாச்சு, இனி?

காவல்துறைக்கு பாடி கேமரா, அதாவது காவலர் நெஞ்சில் அணியும் கேமரா, வாங்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனை கேமரா, மொத்தச் செலவு எவ்வளவு, எந்த கம்பெனி என்பது வரைக்கும் விவரம் இருக்கும். பதிவைத் தொடங்கும் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும், அமுக்காமல் விட்டால் என்ன நடவடிக்கை, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம் என்ற நாலு கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. கேமரா போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று பின்னால் புலம்புகிற இடங்களைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் ஓட்டை இருக்கும்.

கலிபோர்னியாவின் ரியால்ட்டோ நகரத்தில் 2012-13இல் நடந்த சோதனையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 54 காவலர்கள். கேமரா போட்ட ஷிப்ட், போடாத ஷிப்ட் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பலப்பிரயோகம் பாதிக்குமேல் குறைந்தது, பொதுமக்கள் புகார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கேமரா விற்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆனால் வாஷிங்டன் டிசியில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து இதே போன்ற குலுக்கல் சோதனை நடத்தி 2017இல் முடிவை வெளியிட்டபோது, கேமரா போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டில் எது உண்மை என்று சண்டை போடுவதைவிட, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பல நகரங்களின் தரவைச் சேர்த்து 2016இல் சொன்னதைக் கவனிப்பது நல்லது. பொதுமக்களோடு பேசத் தொடங்கும்போதே கேமராவை ஆன் செய்து, பதிவாகிறது என்று எதிராளிக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை அப்படியே பின்பற்றிய இடங்களில் பலப்பிரயோகம் 37% குறைந்தது. எப்போது ஆன் செய்வது என்பதைக் காவலரே தீர்மானித்த இடங்களில் 71% கூடியது. கைகலப்பு முற்றிய பிறகு நடுவில் கேமராவை ஆன் செய்தால், எதிராளிக்கு அது இன்னொரு சீண்டலாகப் படுகிறது. அதனால் ‘தேவைப்படும்போது பதிவு செய்யலாம்’ என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கும் துறை, கேமராவே வாங்காமல் இருந்திருக்கலாம்.

அமுக்காவிட்டால் என்ன? கொலராடோ மாகாணம் 2020இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு ஒரு நேரடியான வழி கண்டது. ஆன் செய்ய வேண்டிய இடத்தில் செய்யவில்லை, அல்லது பதிவில் கை வைத்திருக்கிறார் என்றால், அந்தக் காட்சி காவலருக்குப் பாதகமாகத்தான் இருந்திருக்கும் என்று விசாரணையில் அனுமானிக்க இடமுண்டு. ‘பேட்டரி தீர்ந்துவிட்டது’, ‘மறந்துவிட்டேன்’ என்ற சமாதானங்கள் அப்போதுதான் குறைகின்றன.

தானாக ஆன் ஆகும் வசதியும் உண்டு. துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்தாலோ, வண்டியின் சைரன் விளக்கு எரிந்தாலோ, டேசரின் (ஊசிகளைச் சுட்டு மின்சாரம் பாய்ச்சித் தசையை முடக்கும் கருவி) பூட்டை விடுவித்தாலோ அருகிலுள்ள கேமராக்கள் எல்லாம் ப்ளூடூத் வழியாக விழித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உறையிலுள்ள சென்சாருக்குத் தனி பட்டன் பேட்டரி; அது செத்துப்போனால் வெளியே தெரியாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொறுப்பை யாருக்காவது பெயர் போட்டு ஒப்படைக்காவிட்டால், தேவைப்படும் நாளில்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும். அதோடு, சைரன் விளக்கைத் தவிர இந்தத் தூண்டுதல்கள் எல்லாம் ஆயுதத்தைக் கையில் எடுத்த பிறகு நடப்பவை. வாக்குவாதம் எப்படிச் சூடேறியது என்பது பதிவாக, முன்கூட்டியே விரல் பொத்தானுக்குப் போயிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன அமைப்பு பெரிய வேலை செய்கிறது. காத்திருப்பு நிலையில் கேமரா தூங்குவதில்லை. கடைசி 30 விநாடியை எடுப்பதும் அழிப்பதுமாக ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கியதும் அந்த 30 விநாடியும் பதிவின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். பல கேமராக்களில் அந்தப் பகுதிக்கு ஒலி இருக்காது, காட்சி மட்டும்தான். பால்டிமோரில் 2017 ஜனவரியில் எடுக்கப்பட்ட ஒரு பதிவு இதனாலேயே உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சத்தமில்லாத முதல் அரை நிமிடத்தில், ஒரு காவலர் போதைப்பொருள் இருந்த டப்பாவைக் குப்பைக்கு அடியில் வைக்கிறார். கூட இருவர் நிற்கிறார்கள். தெருவுக்கு நடந்து வருகிறார். பொத்தானை அமுக்குகிறார், ஒலி தொடங்குகிறது. ‘அங்கே போய்த் தேடிப் பார்க்கிறேன்’ என்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரும்பிப் போய், அதே டப்பாவைக் ‘கண்டெடுக்கிறார்’. ஏற்கெனவே கிடைத்ததை கேமராவுக்காகத் திரும்பச் செய்து காட்டினேன் என்பது அவர் தரப்பு. சாட்சியத்தைப் புனைந்த குற்றத்துக்கு 2018இல் தண்டிக்கப்பட்டார். இதை முதலில் வெளிக்கொண்டுவந்தது காவல்துறையின் உள் தணிக்கை அல்ல, இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள். அந்த வீடியோ மாதக்கணக்கில் சர்வரில் சும்மா கிடந்தது.

சில மாடல்களில் இந்த முன்பதிவை 2 நிமிடம் வரை நீட்டலாம். நீட்டினால் பேட்டரி சற்றுச் சீக்கிரம் இறங்கும். 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினைதான், மாற்றுப் பேட்டரியோ வண்டியில் சார்ஜரோ வேண்டும். அப்படியிருந்தும் 30 விநாடியோடு நிறுத்திக்கொள்வதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதிவே கிடைத்துவிட்டது, இனி உண்மை வெட்டவெளிச்சம் என்று நினைத்தால் அதுவும் அவசரம். கேமரா நெஞ்சில் இருக்கிறது, கண் மேலே இருக்கிறது. இரு கையையும் நீட்டித் துப்பாக்கியைப் பிடித்தால் முன்கைகள் லென்ஸை மறைத்துவிடும். மிக முக்கியமான 2 விநாடியில் திரையில் தெரிவது சட்டைக் கைதான். கட்டிப் புரளும்போது லென்ஸ் எதிராளியின் உடம்போடு அழுந்தி இருட்டாகிவிடும், ஒலி மட்டும் மிஞ்சும். அகல லென்ஸ் என்பதால் எதிரே நிற்பவர் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி நிற்பதாகத் தெரிவார். மங்கலான வெளிச்சத்தில் கேமரா கண்ணைவிடத் தெளிவாகப் பார்க்கலாம், அல்லது ஒன்றுமே பார்க்காமல் போகலாம். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: அணிந்திருப்பவர் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அவருடைய முகமோ, கை ஓங்கியதோ தெரியாது, எதிராளியின் முகம்தான் தெரியும். ஒரே சம்பவத்தை பாடி கேமராவிலும் வண்டியின் முன்கண்ணாடி கேமராவிலும் காட்டிச் சோதித்தபோது, பாடி கேமராவில் பார்த்தவர்கள் காவலர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வது குறைவாக இருந்தது. ஆகவே தெருமுனைக் கேமரா, வழிப்போக்கர் செல்போன், கூட வந்த காவலரின் கேமரா எல்லாவற்றையும் ஒரே நேரக்கோட்டில் வைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

நேரக்கோடு என்றதும் கடிகாரம். பல மாடல்களில் கேமராவின் கடிகாரம் டாக்கில் (சார்ஜ் ஏற்றி, பதிவைச் சர்வருக்கு அனுப்பும் தாங்கி) செருகும்போதுதான் சரிசெய்யப்படுகிறது. பல நாள் செருகாமல் இருந்தால் விலகும். கட்டுப்பாட்டு அறையின் அழைப்புப் பதிவு ஒரு நேரம் சொல்லும், நிலையத்தின் சிசிடிவி இன்னொன்று, கேமரா மூன்றாவது. குறுக்கு விசாரணையில் வக்கீல் பிடித்துக்கொள்ள இது போதும். எல்லாக் கருவியும் ஒரே நேர சர்வரைப் பின்பற்ற வேண்டும், எவ்வளவு விலகியிருக்கிறது என்பது வாரம் ஒருமுறை குறித்துவைக்கப்பட வேண்டும். செலவே இல்லாத வேலை இது, ஆனால் அநேகமாக யாரும் செய்வதில்லை.

சம்பவ அறிக்கையைக் காவலர் எப்போது எழுதுவது என்பதில் காவலர் சங்கங்களுக்கும் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் ஓயாத தகராறு. வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதினால் பிழை குறையும் என்பது ஒரு கட்சி. ஆனால் சுட்டது நியாயமா என்ற கேள்விக்கு, அந்தக் கணத்தில் அவர் எதைக் கண்டார், எதை நம்பினார் என்பதுதான் விடை. வீடியோவைப் பார்த்த பிறகு அந்த ஞாபகம் தனியாக இருக்காது, வீடியோவோடு கலந்துவிடும். முதலில் நினைவிலிருந்து ஒரு அறிக்கை, கையெழுத்து, பிறகு வீடியோ, பிறகு தனித்தாளில் கூடுதல் அறிக்கை. முதல் அறிக்கையைத் திருத்தக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதைப் பொய் என்று உடனே முத்திரை குத்தவும் கூடாது. எனக்கு இந்த முறையே நியாயமாகப் படுகிறது.

இந்த இடத்தில் புதிதாக ஒரு தலைவலி. 2024இல் வெளிவந்த ஒரு மென்பொருள், பாடி கேமராவின் ஒலியை எழுத்தாக்கி, அதிலிருந்து செயற்கை நுண்ணறிவு கொண்டு சம்பவ அறிக்கையின் வரைவைத் தயார் செய்து தருகிறது. காவலர் காலி இடங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து வேலை குறையும் என்கிறார்கள். ஆனால் அது கேட்பது ஒலியை மட்டும். ‘திமிறாதே, திமிறாதே’ என்று காவலர் உரக்கக் கத்தினால், அசையாமல் கிடந்த ஆளும் அறிக்கையில் திமிறியவராகிவிடலாம். முதல் வரைவு சேமிக்கப்படாவிட்டால், எந்த வரி இயந்திரத்தினுடையது, எது காவலருடையது என்று பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. வாஷிங்டன் மாகாணத்தின் கிங் கவுன்டி அரசு வழக்கறிஞர் அலுவலகம் இப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை ஏற்க மாட்டோம் என்று 2024இலேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வரைவு அப்படியே காப்பில் இருக்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒப்பந்தம் போடுபவர்களை என்ன சொல்வது! 720 பிக்சல் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 1.5 ஜிபி என்று வையுங்கள். 500 காவலர்கள் தலைக்கு 2 மணி நேரம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 1.5 டிபி, மாதம் 45 டிபி. இதை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் சர்வருக்கு ஏற்ற, முழு வேகம் கிடைத்தாலும் 33 மணி நேரம் பிடிக்கும். அதாவது ஒரு நாள் பதிவை ஒரு நாளில் ஏற்றி முடிக்க முடியாது. டாக்கில் கேமராக்கள் தேங்கும், அடுத்த ஷிப்டுக்கு கேமரா காலியாக இருக்காது, ‘மெமரி ஃபுல்’ என்று பதிவு நின்றுவிடும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பென்றால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேமராவுக்குச் செலவழித்துவிட்டு கேபிளில் மிச்சம் பிடித்தால் இதுதான் கதி.

ஏற்றிய பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் வகையும் சம்பவ எண்ணும் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அந்த வகைதான் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் சாட்சியமாகப் பயன்படாத பதிவுக்கு வழக்கமாக 31 நாள்தான். கைகலப்பில் முடிந்த ஒன்றைப் ‘பொது ரோந்து’ என்று யாராவது தெரிந்தோ தெரியாமலோ குறித்துவிட்டால், புகார் வருவதற்கு முன்பே சர்வர் அதை விதிப்படி அழித்துவிடும், யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. அழைப்புப் பதிவிலிருந்து சம்பவ எண்ணைத் தானாக எடுத்து ஒட்டும் வசதி இந்தப் பிழையைப் பெருமளவு அடைத்துவிடும்.

நிலையத்துச் சிசிடிவியிலும் இதே கதைதான். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடும் இரவுப் பார்வையோடும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டால் ஓராண்டாவது என்று உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வன்தட்டில் 1 டிபி இடம் இருந்தும் பதிவுகள் அன்றாடம் தானே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் குறிப்பிட்டார். கேமரா இருந்தது, தட்டு இருந்தது, இடமும் இருந்தது. மெனுவில் ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நம்பகத்தன்மைக்கு ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு எண். கோப்பின் ஒரு பிட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும் என்பது பலருக்கும் தெரியும். எப்போது கணக்கிடப்படுகிறது என்பதுதான் கேட்க வேண்டியது. கேமராவிலேயே பதிவு முடிந்தவுடன் கணக்கிட்டால் பாதுகாப்பு. சர்வரில் ஏறிய பிறகுதான் என்றால், நடுவில் கேமரா எங்கே இருந்ததோ அத்தனை நேரமும் இருட்டுதான். நீதிமன்றத்துக்காக வேறு வடிவத்துக்கு மாற்றிய நகலின் ஹாஷ் மூலத்தோடு ஒத்துப்போகாது. அதனால் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலுக்குத் தனி எண் குறிக்க வேண்டும். யார் திறந்தார், யார் பதிவிறக்கினார் என்ற பட்டியல் துறையின் கைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. வெளியிடுவதற்கும் கெடு வேண்டும்: கொலராடோவில் முறைகேட்டுப் புகார் வந்ததிலிருந்து 21 நாள், சிகாகோவில் துப்பாக்கிச் சூடு போன்ற சம்பவம் நடந்ததிலிருந்து 60 நாள். கெடு இல்லாத இடத்தில் ‘விசாரணை நடக்கிறது’ என்பதே நிரந்தரப் பதிலாகிவிடும்.

முகம் அடையாளம் காணும் மென்பொருளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒரு கணக்கு மட்டும். ஒரு திருவிழாக் கூட்டத்தில் 50,000 முகங்கள் கேமராவைக் கடக்கின்றன. தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்றுதான். கேட்க அருமையாக இருக்கிறது. தேடப்படுபவர்கள் 5 பேர் கூட்டத்தில் இருந்து, 4 பேரைச் சரியாகப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 54 எச்சரிக்கை, அதில் 50 தவறு. தடுத்து நிறுத்தப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேர் சம்பந்தமே இல்லாதவர்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தபோது, பல மென்பொருள்களில் இனத்தைப் பொறுத்துத் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. அப்படியென்றால் அந்த 50 பேரும் எல்லாப் பிரிவிலிருந்தும் சமமாக வரப்போவதில்லை.

டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே கைது செய்யப்பட்டு ஏறத்தாழ 30 மணி நேரம் அடைக்கப்பட்டார். அவர் செய்யாத கடைத் திருட்டுக்கான வழக்கு. மங்கலான சிசிடிவிப் படத்தை மென்பொருளில் போட, அது ஓட்டுநர் உரிமப் படங்களிலிருந்து இவரைக் காட்டியது. அடுத்து, ஆறு படங்களை வரிசையாக வைத்து ஒரு பெண்ணிடம் கேட்டார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவரே இல்லை, அதே சிசிடிவிக் காட்சியைப் பார்த்தவர். மென்பொருள் தேடிக் கொடுப்பதே படத்திலிருப்பவரைப் போன்ற முகத்தைத்தான். அந்த முகத்தை வரிசையில் வைத்தால் சாட்சி அதைத் தொடத்தான் செய்வார். இரண்டு ஆதாரம் போலத் தெரியும், உண்மையில் ஒன்றே இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. 2024இல் எட்டிய சமரசத்தின்படி, அங்கே மென்பொருளின் முடிவை மட்டும் வைத்துக் கைது செய்யவும் முடியாது, அதை மட்டும் வைத்து நேரே படவரிசைக்குப் போகவும் முடியாது.

பயிற்சிக்கு வருவோம். டேசருக்குப் பதிலாகத் துப்பாக்கியை உருவிச் சுட்ட சம்பவங்கள் அமெரிக்காவில் பலமுறை நடந்திருக்கின்றன. 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில் ‘டேசர், டேசர்’ என்று கத்திக்கொண்டே துப்பாக்கியால் சுட்ட காவலர் 26 ஆண்டு அனுபவசாலி. டேசருக்கு மஞ்சள் நிறம், மறுபக்க இடுப்பில் உறை, துப்பாக்கியில் பாதிக்கும் குறைவான எடை என்று எல்லா வித்தியாசமும் இருந்தது. பதற்றத்தில் கை நிறத்தைப் பார்ப்பதில்லை, அதிகம் பழகிய அசைவைத் தேடிப் போகிறது. துப்பாக்கியை ஆயிரக்கணக்கான முறை உருவிப் பழகி, டேசரை ஆண்டுக்கு ஓரிரு முறை தொட்டால் எது ஜெயிக்கும்? மறுகையால் டேசரை உருவுவது, இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பது, ‘எடுக்காதே’ என்ற கட்டளைக்கு நிறுத்துவது என்று அடிக்கடி குட்டிக் குட்டிப் பயிற்சி வேண்டும்.

டேசர் எப்போது பலிக்காது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஊசியும் உடம்பில் தைத்து, இடைவெளி 30 செ.மீ. அளவுக்காவது இருந்தால்தான் தசை முடங்கும். பழைய மாடல்களில் ஊசிகள் 7 டிகிரி விரிந்து போவதால், அந்த இடைவெளி கிடைக்க ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவு தேவை. அதைவிட நெருங்கிச் சுட்டால் வலிக்கும், முடங்காது. தொளதொள உடை, தடித்த ஜாக்கெட் என்றால் ஒரு ஊசி துணியிலேயே நின்றுவிடும். இது தெரியாதவர், ‘டேசருக்கே அடங்கவில்லை’ என்று அடுத்த ஆயுதத்துக்குத் தாவுகிறார்.

1983இல் டூலர் என்ற சால்ட் லேக் சிட்டி பயிற்சியாளர், கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார், துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரம் ஆகும் என்று காட்டினார். ஜாக்கிரதையாக இரு என்பதற்கான கணக்கு அது. பயிற்சிக்கூடங்களில் வாய்மொழியாகப் பரவி, 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்ற ‘விதி’யாகிவிட்டது. எதிராளியிடம் துப்பாக்கி இல்லாத நெருக்கடிகளில் விலகி நில், மறைவு தேடு, நேரத்தை இழு, ஒருவர் மட்டும் பேசு என்று சொல்லிக் கொடுக்கும் ஐகாட் பயிற்சி லூயிவில் நகரில் ஆய்வு செய்யப்பட்டது. பலப்பிரயோகம் 28%, பொதுமக்கள் காயம் 26%, காவலர் காயம் 36% குறைந்தன. காவலர் உயிருக்கு ஆபத்து என்று மறுப்பவர்கள் கடைசி எண்ணைப் பார்க்கட்டும்.

குப்புறப் படுக்கவைத்து விலங்கிட்டவரை உடனே புரட்டிவிட வேண்டும், முதுகில் பாரம் ஏற்றக் கூடாது என்று அமெரிக்க நீதித்துறையின் சுற்றறிக்கை 1995இலேயே சொல்கிறது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் மூத்த காவலரின் முழங்கால் இருந்த 9 நிமிடம் 29 விநாடிக்குள், உடனிருந்த புதிய காவலர் ஒருவர் பக்கவாட்டில் புரட்டலாமா என்று இரண்டு முறை கேட்டதும் பதிவாகியிருக்கிறது. அறிவு அங்கே இருந்தது. மூத்தவரை மீறித் தலையிடும் பழக்கம் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய எபிக், அதிலிருந்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏபிள் ஆகிய பயிற்சிகள் இதைத்தான் நடித்துப் பழகச் செய்கின்றன: என்ன வார்த்தை சொல்வது, எத்தனை தடவை சொல்வது, எப்போது தோளைப் பிடித்து இழுப்பது.

இத்தனைக்கும் பிறகு வீடியோவை யாராவது பார்க்க வேண்டுமே. புகார் வந்தால் மட்டும் பார்ப்பது போதாது. மாதாமாதம் கணினியே குலுக்கல் முறையில் ஒவ்வொரு காவலருக்கும் இரண்டு மூன்று பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருடைய நேரடி மேலதிகாரி அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். பயிற்சிக்கூடத்துக்கும் அதிலிருந்து துண்டுகள் போக வேண்டும், நல்லதும் கெட்டதும். அதற்கும் முன்னால், அழைப்புப் பட்டியலையும் பதிவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதிவே இல்லாத அழைப்புகள் நூற்றுக்கு எத்தனை என்று எண்ண வேண்டும், காவலர் வாரியாக, ஷிப்ட் வாரியாக. இரண்டு பட்டியலையும் இணைக்கும் வசதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் கம்பெனிக்காரர்கள் அதற்குத் தனி விலை சொல்வார்கள்.